பால் போடாத டீ

மாடு கறப்பவளுக்குப் பால் ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? பண்ணையில் பதினொரு வருடமாகக் கறந்த அக்காவுக்கு, மடியில் இருக்கும்வரை பாலோடு பகை கிடையாது. டம்ளரில் வந்தால் குமட்டும். காலை டீ சொல்லும்போதெல்லாம் முதலாளி, "நம்ம அக்காவுக்கு மட்டும் பால் போடாம. மாட்டுக்கும் அவங்களுக்கும் ஏதோ ஒப்பந்தம்" என்று கிண்டலடிப்பார். அவளும் சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மாடு நாள் ஆகுமுன்பே செத்த கன்றை ஈன்றது. பாதியில் சிக்கிய கன்றை வெறுங்கையால் இழுத்துப் போட்டவள் அக்காதான். நஞ்சுக்கொடியையும் அவளே அள்ளிப் புதைத்தாள். கையுறை கேட்டதற்கு, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி. அந்த அப்புறம் வரவேயில்லை. காய்ச்சல்தான் வந்தது.

விவரமான காய்ச்சல் அது. சாயங்காலம் கொதிக்கும், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஆளையே காணோம். இடுப்பு மட்டும் விட்டுப்போகும். "நல்லா நடிக்கறே" என்று கணவனே சொன்ன அன்று வாய்விட்டு அழுதாள்.

கடைசியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், மாட்டிடமிருந்து தொற்றிய நோய் என்றார். அந்தக் கன்றைத் தொட்டதால் வந்திருக்கலாம். காய்ச்சாத பாலைக் குடித்தாலும் வரும். வேலையால் வந்தது என்று தொழிலாளர் அலுவலகம் எழுதிக் கொடுத்தால் சிகிச்சை உண்டு, விடுப்பு உண்டு, திரும்பிப் போக வேலையும் உண்டு. இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

அந்த அலுவலகத்தின் விசாரணை அறையில் முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வீட்டுக்குத் தினம் பால் எடுத்துட்டுப் போறாங்க மேடம். காய்ச்சாமக் குடிச்சிருப்பாங்க."

அக்கா அதிகாரி பக்கம் திரும்பினாள். "அது வீட்டுக்காரருக்குங்க. நான் பாலை வாயில வைக்கவே மாட்டேன்."

"அதுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா?" என்றார் அதிகாரி.

பண்ணை ஆட்கள் யார் வரப்போகிறார்கள்? அவரவருக்கு அவரவர் பிழைப்பு.

அப்போது டீக்காரர் தட்டோடு உள்ளே வந்து அவள் பக்கம் ஒரு டம்ளரை நீட்டினார். பழக்கதோஷம், முதலாளியின் கை தானாக நீண்டு தடுத்தது.

"அவங்களுக்கு வேணாம்ப்பா. அவங்க பாலே குடிக்கமாட்டாங்க. பால் போடாம ஒண்ணு கொண்டா."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. அதிகாரி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அக்காவுக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது.

"என் டீயை இவ்வளவு ஞாபகமா வச்சிருக்கீங்களே முதலாளி, நான் கையுறை கேட்டது மட்டும் எப்படி மறந்துச்சு?"