கப்பலுக்குப் போக முதல்ல படி இறங்கணும்

எங்க மேட்டுல யாருக்காவது உல்லாசக் கப்பல் பயணம் வாய்ச்சா, முதல்ல மூச்சு வாங்கிக்கிட்டு என் வீட்டுப் படியேறி வந்துடுவாங்க. வத்தேகம டவுனுக்கு மேல, பஸ் ரோட்டுல இருந்து மலையை வெட்டிக் கட்டின படிதான் எங்க வீட்டுக்கு வழி. வேற வழி கிடையாது. த்ரீவீல் ஆட்டோகூடக் கீழேயே நின்னுடும். பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிற வீடுகள்ல இப்ப ஒரு வழக்கம் வந்திருக்கு. அம்மா அப்பாவை வரவழைச்சு, ரெண்டு மூணு நாள் வீட்டுல வச்சுப் பார்த்துட்டு, அப்புறம் கப்பல்ல ஏத்தி விட்டுடுறது. சண்டை வராம இருக்க நல்ல ஏற்பாடு. சிங்கப்பூர்ல இருக்கிற என் மகளும் வருஷா வருஷம் அதைத்தான் செய்றா. அதனால கப்பல் விஷயத்துல நான் ஊருக்குப் பெரிய ஆளாயிட்டேன்.

வர்றவங்களை உட்கார வச்சு, ப்ளேன்டீ குடுத்து, நான் முதல்ல சொல்றது: கேத்தல் கொண்டு போகாதீங்க. முதல் தடவை நான் கொண்டு போனேன். தேயிலைக்கு நடுவுல பிறந்து வளர்ந்தவ, நூல் கட்டின காகிதப் பையை முக்கி எடுத்த தண்ணியையா குடிப்பேன்? தோட்டத்துத் தூள் ஒரு பொட்டலம், கரண்ட் கேத்தல் ஒண்ணு, பேக்குக்கு அடியில வச்சேன். துறைமுகத்துல பேக்கைப் பார்த்த பொண்ணு கேத்தலை வெளியே எடுத்து, இறங்கும்போது வாங்கிக்கங்கன்னு சிரிச்சா. நெருப்புப் பிடிச்சிடும்னு பயமாம். பறிச்ச சாமான் வைக்கிற மேசையைப் பார்த்தேன், முழுக்கக் கேத்தலும் அயன் பெட்டியும்தான். நான் மட்டும் கள்ளி இல்லைன்னு மனசு ஆறிப் போச்சு. இப்பல்லாம் தூளும் வடிக்கிற துணியும் ஃபிளாஸ்க்கும் மட்டும்தான். சாப்பாட்டு ஹால்ல சுடுதண்ணி எந்நேரமும் கிடைக்கும், அப்புறம் என்ன கவலை.

ரெண்டாவது, பெரிய பேக்கைத் துறைமுக வாசல்லயே வாங்கிக்குவாங்க, அது அறைக்கு வந்து சேரப் பொழுது சாஞ்சிடும். மருந்தையும் மாத்துத் துணியையும் கைப்பையில வச்சுக்கணும். என் வீட்டுக்காரர் ஒரு தடவை உடுத்திப் படுக்கிற சாரத்தைப் பெரிய பேக்குல போட்டுட்டு, கோட்டு சூட்டோட கட்டில்ல படுத்துக் கிடந்தார். மூணாவது, அறை எடுக்கிறப்ப கப்பலுக்கு நடுவுல, கீழ்த் தட்டுல எடுங்க, ஆட்டம் தெரியாது. தலைசுத்தலைப் பத்தி நம்ம ஆளுங்க பயப்படவே வேணாம். ஹுன்னஸ்கிரிய வளைவுல, ஃபுட்போர்டு வரைக்கும் ஆள் ஏத்தின பஸ்ஸுல நின்னுக்கிட்டே போன வயிறு எந்தக் கடலுக்கும் அசையாது. அறைக் கதவு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், இரும்புக் கதவு. நான் காந்தம் வச்ச பிள்ளையார் ஒருத்தரைக் கொண்டு போய் ஒட்டி வச்சேன். மறுநாள் காலையில பார்த்தா, அறை துப்புரவு செய்ற பையன் அவருக்கு முன்னால ஒரு சொக்லட் வச்சிருக்கான்.

இவ்வளவையும் கேட்டுட்டு, கடைசியா எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பாங்க: "அண்ணனுக்குக் கால் முடியாதே, எப்படிக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

நான் கப்பலுக்குப் போறதே அந்தக் காலாலதான். என் வீட்டுக்காரர் நாவலப்பிட்டியில ரயில்வே கார்டா இருந்தவர். ஓடுற ரயில்ல ஆடாம நின்ன மனுஷன். பென்ஷன் எடுத்து கொஞ்ச வருஷத்துல முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. எங்க ஊர்ல சமதரை எங்க இருக்கு? கோயிலுக்குப் போனா ஏத்தம், கடைக்குப் போனா இறக்கம். ரெண்டு தடவை விழுந்ததுக்கு அப்புறம் படியில உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். காற்சட்டை தேஞ்சுது, மானமும் தேஞ்சுதுன்னு சொல்லி, கடைசியில இறங்குறதையே விட்டுட்டார். ஜன்னல் பக்கம் கதிரையைப் போட்டு, கீழே ரோட்டுல போற பஸ் எல்லாம் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு திட்டிக்கிட்டு இருப்பார். திட்ட பஸ் கிடைக்காத நேரம் என்னைத் திட்டுவார்.

மகள் முதல் தடவை கப்பல்ல ஏத்தினப்ப நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஏறிப் பார்த்தா, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரே சமதரை. மாடிக்கு மாடி லிஃப்ட். ஒரு படி கிடையாது. இவர் ஊன்றுகோலைப் பிடிச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சார், காலையில சாப்பிடப் போனவரை மத்தியானம் வரைக்கும் காணோம். தேடிப் போனா கப்பலோட வால் பக்கம் நிக்கிறார், பின்னால போற தண்ணியைப் பார்த்துக்கிட்டு. கார்டுன்னா கடைசிப் பெட்டியிலதான் நிக்கணுமாம். யாரோ வெள்ளைக்காரக் கிழவரோட பேச்சு வேற. இவருக்கு அவர் சொல்றது புரியலை, அவருக்கு இவர் சொல்றது புரியலை, ரெண்டு பேரும் தலையாட்டிக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்குத்தான் எனக்கு வெளிச்சம் வந்துச்சு. மலையில பிறந்தவனுக்கு நடக்கிற இடம் கடல்லதான் கிடைக்குது. துறைமுகம் வந்து எல்லாரும் ஊர் பார்க்க இறங்கினாலும் நாங்க இறங்க மாட்டோம். நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விசா பார்க்கிற தலையிடியும் இல்லை, ஆளில்லாத கப்பல்ல ரெண்டு பேரும் ராஜா ராணி மாதிரி சுத்தலாம்.

போன தடவை பயணம் வந்தப்பதான் வில்லங்கம். கால் இன்னும் மோசமாகி, படியில உட்கார்ந்து இறங்கவும் முடியலை. பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி, பேங்க்ல வேலை, அவர்தான் வழி சொன்னார். "அன்ரி, ஐயாவைக் கதிரையில இருத்தி நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போறம்." எங்க வழக்கமான த்ரீவீல்காரர் சரின்னார். கீழே பேக்கரி வச்சிருக்கிற அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சரின்னாங்க. என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் முடியாதுன்னார்.

"உசுரோட இருக்கிறவனை நாலு பேர் தூக்கக் கூடாது."

"கதிரையிலதானே தூக்குறாங்க, பாடையிலயா?"

"தூக்குறது நாலு பேர்தானே. தப்பு மேளம் அடிக்கிற ஆள்தான் குறை. அவனையும் வரச் சொல்லிடு."

எங்க பக்கம் இதைச் சும்மா சொல்ல மாட்டாங்க. வீட்டு வாசல்ல இருந்து ஒரு மனுஷனை நாலு பேர் தூக்குறது ஒரே ஒரு தடவைதான். நோயாளியைத் தூக்கினாலும் ரெண்டு பேர், இல்லைன்னா ஆறு பேருன்னு மாத்திக்குவாங்க. அந்தப் படியோ குறுகல், ரெண்டு பேருக்குப் பாரம் தாங்காது, ஆறு பேருக்கு இடம் போதாது.

எனக்கு அழுகை வரலை, ஆத்திரம்தான் வந்துச்சு. கப்பல் போனாப் போகுது. ஆனா இந்தத் தடவை இறங்கலைன்னா இந்த மனுஷன் இனி இறங்கவே போறதில்லை, கட்டிலும் ஜன்னலும்தான் மிச்சம்னு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது. நானும் அவரோட அந்த ஜன்னல்லயே முடிஞ்சு போயிடுவேன்னு பயமா இருந்துச்சு. ரெண்டு நாள் பேசாம இருந்தேன். மூணாம் நாள் சோறு போடுறப்ப கேட்டேன்.

"நாலு பேர்தானே உங்களுக்கு வில்லங்கம். அஞ்சு பேர் தூக்குனா?"

சோத்தைப் பிசைஞ்ச கை நின்னுடுச்சு. ரயில்வே ஆளுக்கு ரூல்ஸ்னா ஒரு மரியாதை. "அஞ்சாவது ஆள் யாரு?"

"நான்தான். பின்னால பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

பிசைஞ்ச சோத்தை வாயில போட்டுக்கிட்டார். "சும்மா தொட்டுக்கிட்டு வந்தாச் செல்லாது. பாரம் தாங்கணும்."

புறப்படுற அன்னைக்குக் காலையில கை வச்ச மரக் கதிரையில உட்கார வச்சோம். பிளாஸ்டிக் கதிரையை நம்பாதீங்க, கால் வளைஞ்சிடும். சரிஞ்சிடாம இருக்க என் பழைய வொயில் சேலையால இடுப்பைக் கதிரையோட சேர்த்துக் கட்டினேன். இவர் முகம் மாறிப் போச்சு. "தூக்குறது போதாதுன்னு கட்டவும் செய்றீங்களா?"

"பெல்ட் எண்டு நினையுங்கோ ஐயா"ன்னார் பேங்க்காரத் தம்பி. "பிளேனிலயும் கட்டத்தானே போறியள்."

முன்னால ரெண்டு பேர், பின்னால ரெண்டு பேர், அவங்களுக்கு நடுவுல கதிரையோட முதுகுக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நான். சொன்ன சொல்லுக்குப் பாரமும் தாங்கினேன். பாதிப் படி இறங்கியிருப்போம், கீழே இருந்து எங்களுக்குத் தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி சந்தைப் பையோட ஏறி வந்தா. நாலு ஆம்பிளைங்க தூக்கிட்டு வர்றாங்க, பின்னால நான் தலை கலைஞ்சு, வேர்த்து வழிஞ்சு வர்றேன். அவ்வளவுதான், பையைப் போட்டுட்டு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "அண்ணே, போயிட்டீங்களா அண்ணே"ன்னு ஒப்பாரியை ஆரம்பிச்சிட்டா. தக்காளி எல்லாம் படி படியா உருண்டு போகுது.

கதிரையில இருந்து ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார் இவர். "போறேன் தாயி, கப்பலுக்கு. அடுத்த கிழமை வந்துடுவேன், கொஞ்சம் பொறுத்து அழு."

தூக்கினவங்க சிரிச்ச சிரிப்புல கதிரையை இறக்கி வைக்க வேண்டியதாப் போச்சு. த்ரீவீல்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அங்கிள் ஹரி ஷோக்"னு, அங்கிள் பிரமாதம்னு சிங்களத்துல சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அந்தப் பொம்பளையும் சிரிச்சா, ஆனா அழுகையும் நிக்கலை. இவருக்குத்தான் பெருமை தாங்கலை, தன் சாவுக்கு யார் யார் அழுவாங்கன்னு உசுரோட பார்க்கக் குடுத்து வச்சிருக்கணும்னார்.

அந்தத் தடவை கத்துக்கிட்டதையும் சொல்லிடுறேன். துறைமுகத்துக்குச் சக்கர நாற்காலி வேணும்னு டிக்கெட் போடுறப்பவே எழுதிடணும், அங்க போய்க் கேட்டா மணிக்கணக்கா நிக்கணும். சாதாரண அறையில பாத்ரூம் வாசல் உயர்ந்திருக்கும், கால் முடியாதவங்களுக்குன்னு உயரம் இல்லாத வாசல் வச்ச அறை இருக்கு, கேட்டா ஒதுக்குவாங்க. இவ்வளவு காலமும் சக்கர நாற்காலின்னாலே முகத்தைத் திருப்பினவர், கதிரையில படி இறங்கின தைரியத்துல அதுலயும் ஏறிக்கிட்டார். நான் தள்ளிக்கிட்டுப் போனேன். வால் பக்கம் போய் நின்னோம். காத்துல முடி பறக்க, தூரத்துல போற சரக்குக் கப்பலைப் பார்த்து, "அவன் லேட்டு"ன்னார். ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு நிறைஞ்சு இருந்துச்சு எனக்கு. படியில பாரம் தாங்கின இடுப்பு மட்டும் விண்ணு விண்ணுனு வலிச்சுது. நான் வாயைத் திறக்கலை.

திரும்பி வந்த அன்னைக்கு மத்தியானம், படிக்குக் கீழே அதே நாலு பேரும் கதிரையோட நின்னாங்க. இந்தத் தடவை யாரும் கெஞ்ச வேண்டியிருக்கலை. ஏர்போர்ட் வேன்ல இருந்து இறங்கினதும் இவரே போய்க் கதிரையில உட்கார்ந்துக்கிட்டார், சேலையைத் தானே இடுப்புல சுத்திக்கிட்டார். நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, பின்னால போய்க் கட்டையில கை வச்சேன்.

"நீ விடு"ன்னார். "நாலு பேர் போதும்."

"அதெப்படி? நீங்கதானே கூடாதுன்னீங்க."

"உன் இடுப்பைப் பார்த்துக்க. கப்பல் பூரா ஒரு கையால என்னைத் தள்ளிக்கிட்டு, ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நடந்த. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சியா? எத்தனை பேர் தூக்குனா என்ன, போற நேரம் வந்தாத்தான் போவேன். நீ சும்மா கூட வா."

கல்யாணம் பண்ணின நாள்ல இருந்து இந்த மனுஷன் என் இடுப்பு வலியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சந்தோஷப்படணும். ஆனா முடியலை. அவர்கிட்ட இருந்த பயம் அப்படியே என்கிட்ட வந்துடுச்சு. நாலு பேர் மட்டும் தூக்கி அவர் அந்தப் படியில ஏறுறதை என்னால பார்க்க முடியாது.

"சரி தூக்குங்க தம்பி"ன்னு சொல்லிட்டுக் கட்டையைப் பிடிச்சேன். வீட்டு வாசல் வர்ற வரைக்கும் கையை எடுக்கலை.