எதை வெட்டும் கத்தி?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இளநீர் விற்ற ஓர் அக்கா, புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு காயையும் சீவியதும் அரிவாளைச் சட்டை நுனியில் துடைப்பார்.

மலைக்காட்டோரம் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பிய என் பையைப் பௌர்ணமிக் கூட்டத்தின் பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் அங்கேதான் சோதித்தார். முழ நீளக் கத்தி இருந்தது.

“இத வெச்சிருந்தா கேஸுங்க” என்று பிடுங்கிக்கொண்டார். அதைவிட நீளமான அரிவாளால் அக்கா சீவித் தந்த இளநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

“உங்க அருவாள மட்டும் கேக்க மாட்டாங்களாக்கா?”

“இது எத வெட்டும்னு ஊருக்கே தெரியும். உங்களுது எத வெட்டும்ங்க?”

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த அரிவாள்மேல் இன்றும் பொறாமைதான். என் கத்தி அதுவரை வெட்டியது, அது வந்த பார்சல் அட்டையை மட்டுமே.