ஆக்சிஜனை அடைத்துவிட்டு லக்சா சாப்பிடப் போனவன்

உலையில் எங்கள் மென்படலம் ஆறிக்கொண்டிருந்தது. நகத்தைவிடச் சின்னப் படிகத் தகடு, அதன்மேல் ஆக்சைடுப் படலம். திரவ நைட்ரஜனில் முக்கினால் மின்தடை சுத்தமாகக் காணாமல் போகவேண்டும். மறுநாள் காலை அதை ஆய்வுக்கூட இயக்குநருக்குக் காட்டாவிட்டால் உலை வேறு குழுவுக்குப் போய்விடும். கையிலிருந்த கடைசித் தகடும் அதுதான்.

ஆயர் ஈத்தாம் கடையில் லக்சா நூடுல்ஸ் பாதியில் இருக்கும்போதுதான், என் வலது கை பார்த்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கேஸை மூடினாயா என்று கேட்டுக் கேட்டே மனைவி பழக்கிய கை. ஆய்வுக்கூடத்தைவிட்டுக் கிளம்பும்போதும் ஆக்சிஜன் சிலிண்டரைச் சமர்த்தாக மூடியிருந்தது.

உச்சச் சூட்டில் படிகமணிகள் ஓடு பரப்பியதுபோல் படுத்து வளரும். பிறகு மெல்ல ஆறும்போதுதான் ஆக்சிஜன் உள்ளே புகும். புகாவிட்டால் படலம் பார்க்கப் பளபளவென்று இருக்கும், வேலைக்கு ஆகாது. என் கல்யாண போட்டோ மாதிரி.

காரில் பறந்தேன், அதாவது நெரிசலில் நின்றேன். ஒரு சிவப்பு விளக்கில் மனசுக்குள் ராஜினாமா செய்தேன். பச்சையில் பாலிக் புலா ஊரில் ஜாதிக்காய்ச் சாற்றுக் கடை போட்டேன். அடுத்த சிவப்பில் அதிலும் நட்டம்.

ஆய்வுக்கூடத்துக்குள் ஓடினேன். என்னோடு அதே உலையில் வேலை செய்யும் ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன அண்ணே, இப்படி வேர்க்குது? லக்சா காரமா?”

“ஆக்சிஜன அடைச்சிட்டேன். படலம் செத்துப்போச்சு.”

“எப்ப அடைச்சீங்க?”

“ஆற ஆரம்பிச்சப்ப.”

“அப்ப மணியெல்லாம் வளர்ந்து படுத்தாச்சுல்ல? அது எழுந்து ஓடாது. பாதிச் சூட்டுக்கு ஏத்தி, திரும்ப ஆக்சிஜன் விடுங்க லா.”

“மணி கலைஞ்சிட்டா?”

“அந்தச் சூட்டுல மணி அசையாது, ஆக்சிஜன்தான் உள்ள போகும். இத நீங்கதான அண்ணே போன வாரம் பசங்களுக்குப் பாடமா எடுத்தீங்க?”

எடுத்தேன். படம்கூட வரைந்தேன்.

மறுபடி சூடேற்றி ஆக்சிஜனைத் திறந்தோம். வால்வின் மேல் அவர் டேப் ஒட்டிவிட்டார், என் கை எட்டக்கூடாதாம்.

காலையில் இயக்குநர் வந்து நின்றார். தகட்டை நைட்ரஜனில் முக்கினேன். மீட்டரில் தடை சரிந்து சரிந்து, திடீரென்று சைபரில் விழுந்தது. அவ்வளவு சுலபமாக நடக்காதே. “வயர் கழண்டிருச்சு,” என்றேன், இயக்குநர் காதிலும் விழும்படி. வெளியே எடுத்தேன், தடை திரும்பி வந்தது. முக்கினேன், சைபர். எடுத்தேன். மறுபடி முக்கினேன்.

“அண்ணே, அது பிஸ்கட் இல்ல,” என்று ஆய்வாளர் என் காதருகில் சொன்னார். “உலை நமக்குத்தான்னு பாஸ் தலையாட்டிட்டுப் போயே ரொம்ப நேரமாச்சு.”