அரை லிட்டர் கோடும் மாதா தீர்த்தமும்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. பத்தாவதைத் தாண்டாத எனக்கு ஆண்டவர் காட்டிய வழி என்றுதான் இத்தனை வருஷமும் செய்து வருகிறேன். சூடான பீக்கரை ஈரக் கல்லில் வைத்தால் விரிசல் விடும். அளவு பார்க்கும்போது குனிந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் கழுவிக் கழுவியே கற்றுக்கொண்டது.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனது. டாக்டர் கண்டித்துச் சொன்னது ஒன்றுதான். காபி, ரசம், கஞ்சி, மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர். மிஞ்சினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு நின்றுவிடும்.

டம்ளர் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. லேபில் கழித்துப் போட்ட பீக்கரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் கெமிஸ்ட் மேடம். நான் எடுக்கவில்லை. ஆசிட் பட்டது எத்தனை முறை கழுவினாலும் வாய்க்கு ஆகாது. லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போனேன். லேப் சாமான் விற்கிற கடைக்காரர் பிளாஸ்டிக் பீக்கர் ஒன்றை எடுத்து வைத்தார். சுடச்சுடக் காபி ஊற்ற வேண்டும், கண்ணாடிதான் வேண்டும் என்றேன். ஐந்நூறு மில்லி பீக்கரில் கோடு நானூறோடு நின்றுவிட்டது. அதனால் அறுநூறு மில்லி எடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிக் குமிழி இருக்கிறதா என்று பார்த்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, நூறு மில்லியில் சின்னது ஒன்றும் சேர்த்து வாங்கினேன். காலேஜுக்கா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

தினமும் காலையில் பெரிய பீக்கரில் ஐந்நூறு கோடு வரை தண்ணீர் ஊற்றித் தட்டு போட்டு மூடி, மேஜைமேல் வைப்பேன். அவருக்குக் காபியோ ரசமோ கொடுத்தால் சின்ன பீக்கரில் அளந்து கொடுத்துவிட்டு, அதே அளவைப் பெரியதிலிருந்து எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். மிச்சம் நிற்பதைத்தான் அன்றைக்கு அவர் குடிக்கலாம். கட்டிலில் படுத்தபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னையும் சிமெண்ட் சாம்பிள் ஆக்கிப்புட்டியே புள்ள" என்பார். சிரிப்பேன். கறிவேப்பிலைச் செடி மட்டும் தளதளவென்று வளர்ந்தது.

ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு மாதந்தோறும் போய்வருவேன். ஒரு பாட்டிலில் மந்திரித்த தீர்த்தம் கொண்டுவந்து வீட்டில் மாதா சுரூபத்தடியில் வைத்திருப்பேன். சாயங்கால ஜெபம் முடிந்ததும் அவருக்கு ஒரு வாய் கொடுப்பது வழக்கம். அதை நான் அளந்ததில்லை. மாதா கொடுக்கிறதைக் கோடு போட்டுப் பார்ப்பதா? அது விசுவாசக் குறைவு என்று நினைத்தேன்.

என்னைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து ஞாயிறு பூசைக்குக்கூட வாசலோடு நிற்கிற மனுஷர் அவர். அந்தத் தவக்காலத்தில் அவரே கேட்க ஆரம்பித்தார். "கொஞ்சம் மாதா தண்ணி குடேன்." குடித்துவிட்டு ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்வார். ஒரு வேளை மூன்று வேளை ஆயிற்று. ஒரு வாய் அரை டம்ளர் ஆயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லேபில் பீக்கர் கழுவிக்கொண்டே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், இத்தனை வருஷ ஜெபம் பலித்துவிட்டது என்று சொல்லி அழுதிருக்கிறேன். அவர் கால் வீங்கியதைப் பார்த்தேன். உப்பு கூடிவிட்டது என்று நினைத்து ரசத்தில் குறைத்தேன்.

குருத்தோலை ஞாயிறு காலையில் அவருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் வெயிட் ஏறியிருந்ததைப் பார்த்து நர்ஸ் சிஸ்டர் முகம் மாறிவிட்டது. என்ன குடித்தார் என்று கேட்டார்கள். அரை லிட்டருக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது என்று அடித்துச் சொன்னேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பிழைத்து வந்தார். வந்த அன்றைக்குச் சுரூபத்தடியிலிருந்து தீர்த்தப் பாட்டிலை எடுத்தேன். ஒரு நாளைக்குக் கொடுக்கிற மூன்று அரை டம்ளரையும் பெரிய பீக்கரில் ஊற்றிக் குனிந்து பார்த்தேன். முந்நூற்று ஐம்பதுக்குச் சற்று மேலே நின்றது. கட்டிலிலிருந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இதயும் சேத்துத்தாங்க அரை லிட்டரு" என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "அதுவும் கணக்குலதான்னா, காபியாவே குடுத்துரு புள்ள."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்து அழுதேன். தண்ணீர் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்து, நான் மறுக்காத பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே இருந்து அவர் தாகத்தைப் பக்தி என்று கொண்டாடியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் தீர்த்தம் கேட்கவே இல்லை. ஆனால் சாயங்கால ஜெபத்துக்கு எழுந்து உட்காருவதை நிறுத்தவில்லை. உலர்ந்த உதட்டோடு ஜெபமாலை முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அது ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஆவணியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் கேட்டதைக் கொடுங்கள் என்றார். அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து பானைத் தண்ணீரை மொண்டு, அந்தப் பெரிய பீக்கரில் கோட்டுக்கு மேலே விளிம்பு வரை ஊற்றிக் கொண்டுபோனேன். தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்தார்.

"அளந்தியா?" என்றார்.

"இல்லீங்க. எவ்வளவு வேணும்னாலும் குடிங்க."

"போதும்" என்று வாயை மூடிக்கொண்டார். மறுநாள் காலை, கோயில் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிப்போன கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

இன்றைக்கும் ஏலாக்குறிச்சிக்குப் போகிறேன். பாட்டில் எடுத்துப்போவதில்லை. கடைசியாக அவர் குடித்தது போகப் பீக்கரில் நின்ற மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வரவில்லை. மூடாமல் அப்படியே மேஜைமேல் வைத்தேன். வற்றிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்தேன். கடைசிக் கோட்டுக்கும் கீழே இறங்கி அடி காய்ந்த பிறகுதான் பீக்கரைக் கழுவினேன்.