மூன்று கோடு போட்ட கரண்டி

பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்துக் கேண்டீனில் தட்டு கழுவும் இடம் சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பெரிய ஜன்னல், அதன் கீழே மூன்று தொட்டி. நான் இப்போது அங்கேதான் நிற்கிறேன். என்னை அங்கே தள்ளிவிட்டார்கள் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். யாரும் தள்ளவில்லை. நானாக நடந்து வந்தேன். அதை நானே எழுதிவிடுவது நல்லது. மற்றவர் வாயில் விட்டால் வேறு கதையாகிவிடும்.

மலாக்காவில், செலண்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். தம்பி பிறந்ததும் அவனைத் தூக்க ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். மலாய் வாயில் நன்றாக வரும். பாசாரில் என்னை ஒருவனும் ஏமாற்ற முடியாது. ஆனால் எழுதிக் காட்டினால் அது எனக்குக் கோடும் வட்டமும்தான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்தக் கேண்டீனுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. வீடு புக்கிட் பெருவாங்கில், நடந்தே வந்துவிடுவேன். கட்டடத்தின் மாடியில் பிள்ளைகள் கூட்டம் போடும் அறைகள், போட்டோஸ்டேட் கடை. கீழே கேண்டீன். அதில் சோறு போடும் கவுண்டர் என்னுடையது. எட்டு ட்ரே இருக்கும். மூன்றில் சைவம்: பருப்பு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. மற்ற ஐந்திலும் கோழி, மீன், முட்டை, நெத்திலி சம்பல், பிளாச்சான் போட்ட கங்கோங் கீரை. பிளாச்சான் என்றால் இறாலை அரைத்துக் காயவைத்த கட்டி. சமைக்கிற மலாய்க்காரப் பெண்ணுக்கு அது கணக்கிலேயே வராது.

"கங்கோங் சயூர் லா, மா. பிளாச்சான் சிக்கிட் சஜா," என்பாள். கீரை காய்கறிதானே, இறால் கொஞ்சம்தானே என்று அர்த்தம். கெட்டவள் இல்லை. அவளுக்கு மீனும் இறாலும் கறியில் சேர்த்தியில்லை. எனக்குச் சேர்த்தி. அவ்வளவுதான் எங்கள் சண்டை.

அதனால் சைவக் கரண்டி மூன்றின் காம்பிலும் நான் மஞ்சள் நூல் சுற்றி வைத்திருந்தேன். மத்தியானம் வகுப்பு விட்டால் நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். குனிந்து பார்க்க நேரம் இருக்காது. என் கண் பிள்ளையின் முகத்தில் இருக்கும். கை கரண்டியில் இருக்கும். கட்டைவிரலில் நூல் தட்டுப்பட்டால் சைவம், வழுவழு என்றிருந்தால் கவிச்சி. பதினான்கு வருஷமும் என் கட்டைவிரல்தான் வேலை பார்த்தது.

இந்த வருஷம் தொடக்கத்தில் கேண்டீனைக் கவனிக்கப் புதிதாக ஓர் அதிகாரி வந்தது. பாச்சாங்கில் வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். படித்த பிள்ளை, சுறுசுறுப்பு. வந்த வாரமே கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டர் திரையை மாட்டியது. ட்ரே ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டியது. கங்கோங்குக்கு என்ன லேபிள் என்று மேசை துடைக்கிற பெண்ணின் மகன் ஒரு நாள் வந்தபோது படிக்கச் சொன்னேன். "சயூர்" என்றான். நான் சிரித்துவிட்டேன்.

பிறகு அந்த அதிகாரிப் பெண் என் கரண்டியை எடுத்துப் பார்த்தது.

"ஆன்ட்டி, இது என்ன நூலு? பாருங்க, எண்ணெய் ஊறிப்போயிருக்கு. ஹெல்த் ஆபீஸ்லருந்து வந்து பாத்தா எனக்குத்தான் ஏச்சு."

"வாரா வாரம் மாத்துறேன்மா."

"வாரமா? தினம் கழுவுற கரண்டிலா இது. எடுத்துருங்க."

அது சொன்னதில் நியாயம் இருந்தது. நூலில் பிசுக்கு இருந்தது உண்மை. ஆனால் அது அதோடு நிறுத்தவில்லை. ஒரு தாளைச் சுவரில் ஒட்டியது.

"இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"கவுண்டர்ல நிக்கிறவங்க ஸ்கிரீனும் லேபிளும் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு. நீங்க கோச்சுக்காதீங்க ஆன்ட்டி. பின்னால தட்டு கழுவுற எடத்துல ஆள் கம்மியா இருக்கு. ஒங்களுக்கும் நிழலா இருக்கும்."

"நான் வெயில்ல நிக்கிறேன்னு யார்கிட்டயாச்சும் சொன்னனா?"

"அப்படி இல்ல ஆன்ட்டி..."

"பதினாலு வருசமா படிக்காமத்தான் சோறு போட்டேன். எந்தப் புள்ள வயிறு கெட்டுச்சு? எந்தப் புள்ள வெரதம் கெட்டுச்சு? ஒரு புகார், ஒண்ணே ஒண்ணு வரட்டும். நீ சொல்லவே வேணாம். நானே பின்னால போயிடுறேன்."

அது என்னையே பார்த்தது. "சரி," என்று சொல்லிவிட்டு நூலை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு போனது.

மேசை துடைக்கிற பெண் என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளும் தோட்டத்திலிருந்து வந்தவள்தான். எழுத்து அவளுக்குத் தமிழிலும் தெரியாது. எனக்குக் கால் முடியாமல் போனால் கவுண்டர் அவளுக்கு என்று பேசி வைத்திருந்தோம்.

"ஏன்க்கா வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க?" என்றாள். "பின்னாலன்னா ஸ்டூல் போட்டு உக்காரலாமே."

"உக்காந்து என்ன செய்ய? முட்டை போடவா?" என்றேன்.

அந்த மாசி மாதம் ஒரு மாணவி தினமும் என் கவுண்டருக்கு வரும். மெலிந்த பிள்ளை, கழுத்தில் மஞ்சள் துணி. தாயாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக மாசி மகத்தன்று பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்தது. ஹாஸ்டலில் சமைக்க முடியாது. "பாட்டி, ஒங்கள நம்பித்தான் வெரதம்," என்று முதல் நாளே சொல்லியிருந்தது. ஒரு வேளைதான் சாப்பாடு. பருப்பும் முட்டைக்கோசும் நான் தனியாக வாரிப் போடுவேன்.

நூல் போன பிறகு நான் கண்ணால் பார்த்துத்தான் கரண்டி எடுத்தேன். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம், ஒரு மத்தியானம், மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் சேர்ந்துகொண்டது. எனக்கு வேகம் வந்தால் கண் தன்னால் முகத்துக்குப் போய்விடும். அது பழக்கம். கட்டைவிரல் நூலைத் தேடியிருக்கும், நூல் இல்லை, எல்லாக் கரண்டியும் ஒரே மாதிரி. அந்தப் பிள்ளைக்குப் பருப்பு ஊற்றினேன், அது வாங்கிக்கொண்டு போனது. அடுத்தவனுக்கு ஊற்றக் கரண்டியைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். காம்பு ஓரத்தில் சம்பல் சிவப்பு. கரண்டிக் குழியில் ஒரு நெத்திலித் தலை.

நானேதான் சம்பல் கரண்டியைப் பருப்பில் போட்டிருக்கிறேன். யார் மேலேயும் சொல்ல முடியாது. என் கை.

யாரும் பார்க்கவில்லை. அந்தத் தலையைச் சுண்டி எறிந்திருந்தால் முடிந்தது. பிள்ளைக்குத் தெரியாது, புகார் வராது, கவுண்டர் என்னிடமே இருக்கும். இது எல்லாம் எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. வரிசையில் இரண்டு பேருக்குச் சோறு போடுகிற நேரம் வரைக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஆள் தட்டை நீட்டினான். "இருப்பா," என்று சொல்லிவிட்டு, அந்தப் பருப்பு ட்ரேயை அப்படியே தூக்கிக் கீழே வைத்துவிட்டு, கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தேன். பதினான்கு வருஷத்தில் கூட்ட நேரத்தில் நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளை ஓர் ஓர மேசையில் தோழியோடு உட்கார்ந்திருந்தது. தட்டில் பாதி காலி.

"தாயி, சாப்பிடாத. அந்தப் பருப்புல நெத்திலிக் கரண்டி பட்டுருச்சு. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

அது வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கண் நிறைந்துவிட்டது. பிறகு டிஷ்யூவில் துப்பியது.

"ஏன் பாட்டி சொன்னீங்க?" என்றது. "தெரியாமலே இருந்திருந்தா நான் எடுத்துட்டுப் போயிருப்பேன்ல?"

"நீ எடுத்துட்டுப் போயிருப்ப. நான் எப்படி ஒம்மூஞ்சியப் பாப்பேன்?"

தோழிக்குத்தான் கோபம். "இத்தன வருசம் வேல செய்றீங்க, ஒரு கரண்டிகூடப் பாத்து எடுக்க முடியாதா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டது. போடட்டும். நின்று கேட்டுக்கொண்டேன்.

கூட்டம் குறைந்ததும் அதிகாரிப் பெண்ணின் அறைக்குப் போனேன். கூப்பிட்டு விடும் வரை காத்திருக்கவில்லை.

"ஒரு புகார் வந்திருக்கு. எழுதிக்க," என்றேன்.

"யாரு குடுத்தா ஆன்ட்டி?"

"நான்தான். என் மேல."

நடந்ததைச் சொன்னேன். அது பேனாவை மூடி வைத்தது.

"அந்தப் புள்ள எழுதிக் குடுக்கலயே ஆன்ட்டி. இத விட்டுருவோம்லா. சின்ன விசயம்."

"ஒனக்குச் சின்னது. நான் ஒரு புகார்னு சொன்னேன். எழுது."

அது கம்ப்யூட்டரில் தட்டித் தாள் எடுத்து என் முன்னால் வைத்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டியது. அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தோட்டத்து ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. என் அம்மாவுக்கு இப்படித்தான் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி விரல் வைத்துக் காட்டினார். அம்மா அந்த இடத்தில் கைநாட்டு வைத்தாள். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது வீட்டுச் சாமானை வெளியே வைத்தபோதுதான் எங்களுக்குத் தெரியும்.

"வெரல எடு. மொதல்ல தமிழ்ல படிச்சுச் சொல்லு," என்றேன்.

படித்தது. கரண்டி மாறியது என் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது.

"அது சரி. இன்னும் ஒரு வரி வேணும். சைவக் கரண்டிக்கு அடையாளம் இருந்துச்சு, அத எடுக்கச் சொன்னது ஆபீஸ், வேற அடையாளம் குடுக்கல. இதையும் போடு."

"அது என் மேல வரும் ஆன்ட்டி."

"ஆமா. என்னது என் மேல. ஒன்னது ஒம்மேல. ஒரே தாள்ல ரெண்டு பேரும் இருந்துட்டுப் போவோம்."

அதன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் எழுதியது. அந்த மட்டுக்கும் அது நல்ல பிள்ளைதான். நான் என் பெயரைத் தமிழில், எழுத்து எழுத்தாக, அவசரப்படாமல் போட்டேன். அது காத்திருந்தது.

"நாளைலருந்து பின்னால நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"நீங்க போகணும்னு நான் சொல்லலயே?"

"நீ சொல்லி நான் போகல."

அன்று சாயங்காலம் வீட்டில் கிடந்த ஓர் அரத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மறுநாள் தொட்டிக்கு வந்ததும் முதல் வேலையாக மூன்று சைவக் கரண்டியின் காம்பிலும் விபூதிப் பட்டை மாதிரி மூன்று கோடு ஆழமாக அறுத்தேன். நூல் இல்லை, பிசுக்கு இல்லை, கொதிநீரில் போட்டாலும் போகாது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். தெரிந்தது. பிறகு ஜன்னல் பக்கம் தனி ஆணி அடித்து மாட்டினேன். சைவக் கரண்டியை முதல் தொட்டியில், முதல் தண்ணீரில் கழுவுவேன். அதற்குப் பிறகுதான் கவிச்சி. சமையல்காரி வந்து கையை நீட்டினாள். கரண்டியைக் கொடுக்கும் முன்னால், "இதுல பிளாச்சான் இல்ல, நெத்திலி இல்ல. சிக்கிட் கூட இல்ல. சரியா?" என்று கேட்டுத்தான் கொடுத்தேன்.

"அடோய், மா! முன்னாடி இருந்தப்பவே நீ பரவாயில்ல போல," என்று மலாயில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இப்போது அவளே கரண்டியைத் திருப்பிக் கோட்டைப் பார்க்கிறாள்.

பின்னால் போய்விட்டால் என்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்கள். தொட்டிக்கு மேலே இருக்கிற ஜன்னல் பிள்ளைகள் போகிற நடைபாதையைப் பார்த்து இருப்பதை மறந்துவிட்டார்கள். விரதக்காரப் பிள்ளைகள் தட்டு வாங்கப் போகும் முன்னால் ஜன்னலுக்கு வருகிறார்கள். "பாட்டி, இன்னிக்கு எது சுத்தம்?" என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். லேபிள் ஒன்று சொல்லும், நான் ஒன்று சொல்வேன். பிள்ளைகள் என் பேச்சைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மெலிந்த பிள்ளை மாசி மகத்துக்குப் போகவில்லை. பங்குனி உத்திரத்துக்கென்று மறுபடி முதலிலிருந்து விரதம் தொடங்கியது. ஒரு மாதம் தினமும் ஜன்னலுக்கு வந்து, கரண்டியைக் காட்டச் சொல்லி, மூன்று கோட்டையும் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனது. எனக்குக் கோபம் வரவில்லை. பார்க்கட்டும். பார்க்க வைத்தது நான்தானே. பால்குடம் எடுத்து முடித்த மறுநாள் ஒரு பொட்டலம் விபூதியை ஜன்னல் வழியாக நீட்டியது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அதிகாரிப் பெண் இரண்டு தடவை என் தொட்டிக்கு வந்துவிட்டது. இரண்டாவது தடவை கங்கோங் லேபிளைக் கிழித்துக் கையிலேயே கொண்டுவந்து காட்டியது.

"இத மாத்திட்டேன் ஆன்ட்டி. இறால் இருக்குன்னு படம் போட்டுட்டேன். நீங்க கவுண்டருக்கு வந்துருங்க. ஒங்களுக்கு மட்டும் அந்த ரூல் இல்ல."

"எனக்கு மட்டும்னா வேணாம்," என்றேன். "மேச தொடைக்கிறவளுக்கும் படிக்கத் தெரியாது. எனக்கு அப்புறம் அவ வருவா. சொவத்துல இருக்கிற அந்தத் தாளக் கிழிச்சுட்டு வந்து கூப்பிடு. வர்றேன்."

"அது மேலிடத்துல போட்ட ரூல் ஆன்ட்டி. நான் எப்படிக் கிழிக்கிறது?"

"ஒட்டுனது நீதானம்மா."

கிழித்த லேபிளைக் கசக்கிக்கொண்டு போய்விட்டது. தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. எண்ணெய்ப் புகை பட்டு மஞ்சளாகிவிட்டது. நானும் இங்கேயே இருக்கிறேன். கால் இன்னும் நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஜன்னலுக்குச் சுற்றிக்கொண்டு வருவது கஷ்டமில்லை, நாலு எட்டுத்தான்.