ஈசல் விழுந்த சாயங்காலம்

தம்பி காய்ச்சலில் போன பிறகு அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். கரும்புக் கொல்லைக்கும் போவதில்லை. பொழுது சாய்ந்தால் பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியையும் மூங்கில் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன் ஊட்டிப் பக்கம் ஓர் ஏரியில், டிரவுட் மீன் பிடிக்க வருகிற பெரிய மனிதர்களுக்குப் படகு தள்ளியவர் அவர். அங்கே சேர்த்த பொய்ப் பூச்சிகள்தான் பெட்டி நிறைய. தூண்டில் முள்ளில் கோழியிறகும் பட்டு நூலும் சுற்றிக் கட்டியவை.

“அப்பா கூடவே போ. அவர வுட்டுட்டு எங்கியும் போவக் கூடாது” என்று அம்மா என்னைத் தினமும் விரட்டுவாள். மீன் சுமக்கத்தான் அனுப்புகிறாள் என்று நினைத்து, பாண்டி ஆட்டத்தைப் பாதியில் விட்டு முனகிக்கொண்டே போவேன். சுமக்க ஒரு மீனும் சிக்கியதில்லை.

எங்கள் ஏரி மீன்களுக்கு மண்புழுதான் தெரியும். சிவப்பும் மஞ்சளுமாக ஒன்றைக் கட்டி அப்பா வீசியதைப் பார்த்து, மாடு கழுவ வந்த பக்கத்து வீட்டுக்காரர், “இன்னாண்ணே, மீனுக்குப் பூ வெக்கிறியா?” என்றார். அப்பா சிரிக்கவில்லை. அதைக் கழற்றிக் கறுப்பை மாட்டினார், பிறகு வெள்ளியிழை சுற்றியதை. சில நாள் வீசுவதையே மறந்து இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். “வூட்டுக்குப் போலாம்பா” என்று நான் நச்சரித்தால், நான் இருப்பது அப்போதுதான் தெரிந்தவர்போலத் திரும்பிக் கரையேறுவார்.

ஒருநாள் மதியம் கல்வராயன் மலைப்பக்கமிருந்து மழை வந்து கொட்டிவிட்டு ஓய்ந்தது. சாயங்காலம் எங்கு பார்த்தாலும் ஈசல். தண்ணீரில் விழுந்து, சிறகு ஒட்டிப்போய்த் துடித்துக்கொண்டிருந்தன. கோரை ஓரம் ‘ளப்’பென்று ஒரு சத்தம். ஈசலைக் காணோம். அப்பா ஓர் ஈசலை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பெட்டியில் துழாவி, பழுப்பாக, பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒரு பூச்சியை எடுத்தார். நீண்டிருந்த இறகைப் பல்லால் கடித்துக் குறைத்தார்.

“ஓடுற தண்ணின்னா பூச்சிய அதுவே இழுத்துக்கினு போவும். இது நின்ன தண்ணி, பாப்பா. நாமதான் லேசா அசைக்கணும்.”

அவ்வளவு நீளமாக அவர் பேசி வெகுநாளாகியிருந்தது. வீசிவிட்டுப் பொறுமையாக நின்றார். நூலை மெல்ல ஒரு சுண்டு சுண்டினார். தண்ணீர் வெடித்து, மூங்கில் கழி வளைந்தது.

“வந்துகினு இருக்கு, தள்ளிப் போ!”

விரால். என் கை நீளம் இருக்கும். கரையில் துள்ளி அப்பா முகமெல்லாம் சேற்றை அடித்தது. அப்பா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

மீனை வாங்கிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள்; எனக்குப் பின்னால் யாருமில்லாத தெருவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அப்பா எங்கடி?”

“பின்னாடி வராரும்மா. சிரிச்சிக்கினே வராரு.”

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து, என்னை இழுத்து அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தெருமுனையில் அப்பா தலை தெரிந்த பிறகும் பிடி தளரவில்லை. எனக்கோ கோபமான கோபம். அவ்வளவு பெரிய விராலை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.