ஆய்க்குடி முருகனிடம் நான் போட்ட சண்டை

போன ஆனி மாதம் என் மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். டாக்டராகப் போகிறாள் என்று ஊரே சொன்ன பிள்ளை, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

நான் இலத்தூர்க்காரி. எங்களுக்கு நெல் விவசாயம். வீட்டுக்காரர் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளையில்லாமல், பிள்ளை வடிவாக நிற்கிற ஆய்க்குடி முருகனிடம், கோவில் ஆற்றுப்படியில் குழந்தைகள் சாப்பிடப் பாயசம் ஊற்றி வேண்டிய பிறகு பிறந்தவள் சண்முகப்பிரியா. ஒரே மகள். வெளியூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் படித்து, அந்த ஆஸ்பத்திரியிலேயே கடைசி வருடப் பயிற்சியில் இருந்தாள்.

அங்கேதான் அது நடந்தது. குடலிறக்க ஆபரேஷனுக்கு நம் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் வந்திருந்தான். சின்ன ஆபரேஷன்தான். மயக்க மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தாடையும் கைகாலும் கட்டையாக விறைத்துப் போயின. எப்போதாவது யாரோ ஒருவருக்குத்தான் மயக்க மருந்து இப்படிச் செய்யுமாம். அதற்கு மாற்று மருந்து உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் அது இல்லை. தேடியும் கிடைக்கவில்லை. என் மகள் மணிக்கணக்காக அவன் உடம்பில் ஐஸ் வைத்துத் தேய்த்திருக்கிறாள். அவன் பிழைக்கவில்லை.

மருந்து வாங்கி வைக்காதவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே நின்ற சொந்தக்காரர்களிடம் சாவுச் செய்தி சொல்ல என் மகளைத்தான் அனுப்பினார்கள். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை! மறுநாள் காலை அதே தியேட்டரில் அவளுக்கு டூட்டி. "சாப்பிட்டியா" என்று ஒருத்தர் கேட்கவில்லை. அது போகட்டும். அனுமதியில்லாமல் நோயாளி வீட்டாரிடம் பேசினாள் என்று மெமோ கொடுத்தார்கள். போய்ச் சொல் என்று அனுப்பியவர்களே கொடுத்தார்கள். மனநோய்க்குப் பாடம் நடத்துகிற கல்லூரி அது.

வீட்டுக்கு வந்தாள். இங்கே சொந்தபந்தம் காத்திருந்தது. என் நாத்தனார் சொன்னாள்: "மதினி, வெளிய மூச்சு விட்டுராதிய. டாக்டருக்குப் படிச்சவளுக்கே புத்தி சரியில்லன்னா எவன் கெட்டுவான்? குத்தாலத்துல கொண்டு போயி தலைய காட்டுங்க. சித்தம் தெளிஞ்சிரும்."

நானும் அந்தப் பேச்சைக் கேட்டேன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது. சாரல் காலம், மெயின் அருவியில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றி எல்லாரும் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். என் காதருகில் வந்து சொன்னாள்: "அம்மா, இந்தத் தண்ணி என்னய அப்டியே கொண்டு போயிட்டா நல்லாருக்கும்."

அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஊர் வரும்வரை கையை விடவில்லை.

மறுநாள், அவளைத் தனியே விடப் பயந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு ஆய்க்குடிக்குப் போனேன். தேங்காய் பழம் வாங்கவில்லை. சன்னதியில் நின்று சத்தமாகவே கேட்டேன்.

"நீ குடுத்த பிள்ளதான இது? பறிக்கதுக்கா குடுத்த? நீயும் பிள்ளையாத்தான இங்கன நிக்க. பெத்தவ வயிறு எரியுதே, ஒனக்குத் தெரியலையா? எம்மவ என்ன தப்பு செஞ்சா? ஒத்த வார்த்த சொல்லு. சொல்லலன்னா இனி ஒன் வாசல மிதிக்க மாட்டேன்."

கும்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூசை செய்கிறவர் திருநீற்றை நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. நாற்பது வயதிருக்கும் ஆள்.

"டாக்டரம்மா வீடு இதானா? எம்பேரு மைதீன். கடையநல்லூரு. ஆஸ்பத்திரியில எறந்து போனது எந்தம்பி. நர்ஸம்மா ஒருத்தவகிட்ட வழி கேட்டு வாரேன்."

வாசலை மறித்து நின்றேன். "அண்ணாச்சி, எம்பிள்ள ஏற்கெனவே பாதி செத்துட்டா. திட்டணும்னா என்னயத் திட்டுங்க."

"திட்ட வரலக்கா," என்றவர் அழுதுவிட்டார்.

தம்பி இறந்த அன்று என் மகள் அவரைத் தனியே கூப்பிட்டு, அந்தக் கோளாறின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ரத்த சொந்தத்துக்கும் இது இருக்கலாம், உங்கள் வீட்டில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். மெமோ அதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"போன வாரம் எம்மவளுக்குக் குடல்வால் ஆபரேசன்க்கா. பத்து வயசு. அந்தத் தாளக் காட்டுனேன். மயக்க டாக்டர் படிச்சுட்டு ஆடிப் போயிட்டாரு. வேற மருந்து குடுத்துச் செஞ்சாவ. இது இல்லன்னா இந்தப் பிள்ளையும் ஒங்களுக்கு இல்லாமப் போயிருக்கும்னு அவரே சொல்லுதாரு."

என் மகள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பாப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு காய்ச்சல் வந்துச்சா?"

"இல்லம்மா. நேத்து நாலு இட்லி தின்னா."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ நாளாக வராத அழுகை. என் மகள் தப்பு செய்யவில்லை என்று நான் கேட்ட வார்த்தையை, கடையநல்லூர்க்காரர் வாயால் முருகன் சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் அவளே, "மனநல டாக்டர்ட்ட போவம்மா" என்றாள். திருநெல்வேலியில் காட்டினோம். மாத்திரையும் கொடுத்தார்கள், உட்காரவைத்துப் பேசவும் செய்தார்கள். ஒரே நாளில் தெளியவில்லை. நான்கு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை மறுபடி படுத்தாள். மறுபடி கூட்டிப் போனோம். இப்போது பயிற்சியை முடித்துவிட்டாள். மயக்க மருந்து மேல்படிப்புக்கான பரீட்சைக்குப் படிக்கிறாள். முருகனுக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தீராது.

கல்லூரிக்கும் போனேன். அதிகாரி முன்னால் நின்று கேட்டேன்: "அந்த மருந்த இப்பமாவது வாங்கி வச்சிட்டியளா? ராத்திரி பகலா வேல வாங்குத பிள்ளைவள்ட்ட, நல்லாருக்கியான்னு கேக்க ஒரு ஆளப் போட்டியளா?" மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மற்ற இரண்டுக்கும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

கும்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாமி கும்பிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உயிர் வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மறைக்கச் சொல்கிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். முருகனை நம்பிக் கேளுங்கள். மெதுவாகத்தான் கேட்க வேண்டும் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.